பெரிய பூரான் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் பெட்டி, அப்புறம்தான் பூரான்

பூரான் என்றதும் நம் ஊரில் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். செய்யான் என்று சொல்லும் சிவந்த பெரிய வகையாக இருந்தால் வீடே எழுந்து நின்றுவிடும். இலங்கையில் மட்டத்தேள் என்பார்கள். அதே உயிரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பல ஆண்டுகள் வளர்க்கிறார்கள். சில இனங்கள் நல்ல பராமரிப்பில் 10 ஆண்டு வரை வாழும். தெரிந்து வாங்குகிறவருக்கு இது அருமையான உயிர். படத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர் வீட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும்: பூரான் சில வாரங்களில் காய்ந்து செத்துப்போகும், அல்லது ஒருநாள் காலையில் பெட்டி காலியாக இருக்கும். இரண்டுமே வாங்கும்போது எடுத்த முடிவுகளின் விளைவு. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பூரான் வீட்டுக்கு வருவதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றியது.

படி 1: வாங்கலாமா கூடாதா என்று முடிவு செய்யுங்கள்

கடைகளில் பெரிய பூரான் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஸ்கோலோபெண்ட்ரா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. உடலில் 21 இணைக் கால்கள். தலைக்குக் கீழே, முதல் கால் இணையே உருமாறி உருவான இரண்டு நச்சுக்கொடுக்குகள் இருக்கும். கடிப்பது என்று நாம் சொல்வது இந்தக் கொடுக்குகளால் குத்துவதைத்தான். செஞ்சிவப்புத் தலையுள்ள ஸ்கோலோபெண்ட்ரா மியூட்டிலன்ஸ் என்ற சீன இனம் தன்னைவிட ஏறத்தாழ 15 மடங்கு எடையுள்ள எலியை அரை நிமிடத்தில் வீழ்த்திவிடும். அதன் நஞ்சு நரம்பு, இதயம், மூச்சு எல்லாவற்றுக்கும் தேவையான, உயிரணுக்களில் பொட்டாசியம் போய்வரும் வழிகளை அடைக்கிறது என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள்.

மனிதர்களுக்கு உயிர்ச்சேதம் மிக அரிது. பிலிப்பைன்ஸில் தலையில் கடிபட்ட 7 வயதுச் சிறுமி 29 மணி நேரத்தில் இறந்ததாக மருத்துவ நூல்களில் ஒரு பழைய பதிவு உண்டு. ஆரோக்கியமான பெரியவருக்கு வழக்கமாக வருவது கடும் வலியும் வீக்கமும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள் வரை இருக்கும். உடம்பில் காரணம் தெரியாமல் எழும் தடிப்பைப் பூரான் கடி, காணாக்கடி என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய பூரான் கடித்தால் அந்த நொடியே தெரியும். இரண்டு புள்ளிக் காயங்களும் தெரியும். இதற்கென்று நஞ்சுமுறி மருந்து கிடையாது.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று பொருந்தினாலும் வாங்காதீர்கள்: தேனீ, குளவி கொட்டி மூச்சுத்திணறல் வரை போன ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருக்கிறார், இதயநோயாளி இருக்கிறார், பெட்டியைப் பூட்டிவைக்க இடமில்லாமல் சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீடு, கையில் எடுத்துக் கொஞ்சவேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறது. பூரானைக் கையில் எடுக்கவே கூடாது, எவ்வளவு பழகினாலும். அது பழகுவதில்லை. கையில் பூரானை ஊரவிட்டு எடுத்த காணொளிகளில் தெரிவது அந்த நேரத்தில் அது கடிக்கவில்லை என்பது மட்டும்தான்.

சட்டத்தையும் இப்போதே பாருங்கள். வெளிநாட்டு உயிரினங்களை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். இந்தியச் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுப்பது குற்றம். ஆஸ்திரேலியாவிலிருந்து அதன் காட்டுயிர்களை அனுமதியில்லாமல் உயிரோடு ஏற்றுமதி செய்ய இயலாது. ஆகவே ஆஸ்திரேலிய இனம் என்று வெளிநாட்டில் யாராவது விற்றால் எப்படி வந்தது என்று கேளுங்கள். வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். நச்சுயிர் வளர்ப்பதற்கு நகராட்சி அளவில் தடை விதித்த ஊர்களும் உண்டு.

படி 2: இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதியவர் முதலில் பார்க்கவேண்டியது நீளத்தை அல்ல, அது எந்த நிலத்திலிருந்து வருகிறது என்பதை. வறண்ட நிலத்து இனங்கள் ஈரப்பதத்தில் நீங்கள் செய்யும் சிறு தவறுகளைத் தாங்கும். மழைக்காட்டு இனங்கள் அந்த அளவுக்குத் தாங்குவதில்லை.

முதல் பூரானுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு. ஒன்று ஸ்கோலோபெண்ட்ரா பாலிமார்ஃபா. தென்மேற்கு அமெரிக்கா, வட மெக்சிகோவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. 10 முதல் 15 செ.மீ. வளரும். உடலின் ஒவ்வொரு கண்டத்தின், அதாவது வளையம்போன்ற துண்டின், ஓரத்திலும் கரும்பட்டை ஓடும், அழகானது. மற்றொன்று ஸ்கோலோபெண்ட்ரா சிங்குலாட்டா. ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துருக்கி என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி வாழ்வது. அளவு ஏறத்தாழ அதேதான். ஐரோப்பாவில் வாழ்கிறவர்களுக்கு வளர்ப்பில் பிறந்த குட்டிகளாகவே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டும் கடித்தால் நன்றாக வலிக்கும். ஆனால் அளவும் வேகமும் கையாளக்கூடியவை.

ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு ஸ்கோலோபெண்ட்ரா ஹீரோஸ் பக்கம் போகலாம். டெக்சாஸ், அரிசோனா, வட மெக்சிகோ பகுதிகளில் வாழ்வது, 15 முதல் 20 செ.மீ. சிவப்புத் தலை, கருநீல உடல், மஞ்சள் கால் என்று இருக்கும் டெக்சாஸ் நிறவகையைப் பார்த்துத்தான் பலர் இந்தப் பொழுதுபோக்குக்குள்ளேயே வருகிறார்கள். ஆப்பிரிக்காவின் எத்மோஸ்டிக்மஸ் ட்ரைகோனோபோடஸும் இந்தத் தட்டில் சேரும்.

தென்கிழக்கு ஆசியாவின் ஸ்கோலோபெண்ட்ரா டெஹானி, சப்ஸ்பினிபெஸ் இரண்டும் முதல் பூரானாக வேண்டவே வேண்டாம். 20 செ.மீ. தாண்டும், மின்னல் வேகம், தொட்டால் ஓடாமல் திரும்பி வந்து தாக்கும் குணம். பிரச்சினை என்னவென்றால் பல நாடுகளில் மலிவாகக் கிடைப்பது இவைதான். 2012 வரை டெஹானியையும் சப்ஸ்பினிபெஸின் ஒரு வகையாகவே கருதினார்கள். அதனால் இன்றும் வியட்நாம் ராட்சதப் பூரான் என்ற ஒரே பெயரில் இரண்டும் விற்கப்படுகின்றன. ஊர்ப்பெயரை நம்பாமல் அறிவியல் பெயரைக் கேளுங்கள். தென்னமெரிக்காவின் ஸ்கோலோபெண்ட்ரா ஜைகான்டியா 30 செ.மீ. வரை வளரும். வெனிசுவேலாவின் குகைகளில் கூரையில் தொங்கியபடி வௌவாலைப் பிடித்துத் தின்பது பதிவாகியிருக்கிறது. விலை அதிகம், அந்தப் பெயரில் வேறு தென்னமெரிக்க இனங்களைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது.

நம் மண்ணின் பூரானைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். கறுப்பும் செம்மஞ்சளும் மாறிமாறிப் புலிவரி போட்ட ஸ்கோலோபெண்ட்ரா ஹார்ட்விக்கி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. உலகச் சந்தையில் கொள்ளை விலை போகிறது. விலை ஏறினால் காட்டில் தோண்டிப் பிடிப்பதும் ஏறும். வளர்ப்பில் பிறந்தது என்பதற்கு விற்பவர் சான்று காட்டாவிட்டால் இதை வாங்காதீர்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் வரும் ஸ்கோலோபெண்ட்ரா மோர்சிடான்ஸ் போன்றவற்றைக் காட்சிக்காகப் பிடித்து வைப்பதும் வேண்டாம். எந்தத் தோட்டத்தில் எந்தப் பூச்சிமருந்தை மிதித்து வந்தது என்று தெரியாது.

படி 3: பெட்டியைத் தயார் செய்யுங்கள்

பூரானுக்குப் பணம் கட்டுவதற்குக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் பெட்டி முழுதாகத் தயாராகி, மூடி, ஈரம் சீராகி நிற்கவேண்டும். இந்த இரண்டு வாரத்தில்தான் பூஞ்சை வருமா, மண் வேகமாகக் காய்கிறதா, எங்கே இடைவெளி இருக்கிறது என்பதெல்லாம் வெளிப்படும்.

தரையின் நீளம் பூரானின் முழு வளர்ச்சி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு, அகலம் ஒரு மடங்குக்கு மேல். 15 செ.மீ. இனத்துக்கு 30 × 20 செ.மீ., 20 செ.மீ. தாண்டும் இனத்துக்கு 45 × 30 செ.மீ. உயரத்தில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். பூரான் கடைசிச் சில இணைக் கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டு மீதி உடலைச் சுவரோடு நிமிர்த்தும். விளிம்பு எட்டினால் போதும், மேலே போய்விடும். ஆகவே மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரையுள்ள தூரம் பூரானின் முழு நீளத்தைவிட அதிகமாக இருக்கவேண்டும். 15 செ.மீ. பூரான், 10 செ.மீ. மண் என்றால் பெட்டி 28 முதல் 30 செ.மீ. உயரம். உள்ளே நிறுத்தும் மரப்பட்டைகளின் உச்சியும் மூடியிலிருந்து அதே கணக்கில் தள்ளியிருக்கவேண்டும்.

வழவழப்பான கண்ணாடியில் பூரானால் ஏற இயலாது. ஆனால் கண்ணாடித் தொட்டியின் மூலைகளில் இருக்கும் சிலிக்கான் பசை அதற்கு ஏணி. பிளேடால் சீவி எடுங்கள், அல்லது மூலையில்லாமல் ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் பெட்டியை வாங்குங்கள். நான்கு பக்கமும் கொக்கியால் பூட்டும் மூடி வேண்டும். வெறுமனே அழுத்தி மூடுவதன் மூலையைப் பெரிய பூரான் தலையால் நெம்பித் தூக்கிவிடும். முன்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவுக் கண்ணாடிப் பெட்டிகள் பல்லி, தவளைக்கு நல்லவை. பூரானுக்கு ஆகாது. கதவுகளுக்கு நடுவேயுள்ள இடுக்கும், பின்னால் மின்கம்பிக்காக விட்ட துளையும் போதும் அது வெளியே போக. பூரானின் தலை தட்டையானது என்பதை மறக்கவேண்டாம்.

காற்றுத்துளைகள் 1.5 முதல் 2 மி.மீ. ஒரு பக்கச் சுவரில் மண்ணுக்குச் சற்று மேலே 25 துளை, எதிர்ச்சுவரில் மூடிக்குக் கீழே 25 துளை. தாழ உள்ளது வழியாகக் காற்று நுழைந்து உயர உள்ளது வழியாக வெளியேறும். துளையின் பிசிர்களை உள்பக்கமிருந்து தேய்த்து எடுங்கள், இல்லாவிட்டால் உணர்கொம்பு கிழியும். பெரிய இனமாக இருந்தால் துளைகளின்மேல் வெளிப்பக்கத்தில் நுண்ணிய எவர்சில்வர் வலையை ஒட்டுங்கள். பிளாஸ்டிக் வலையைக் கடித்து ஓட்டையாக்கிவிடும்.

இனி மண். வெளித்தோலில் நீரைத் தடுக்கும் மெழுகுப்பூச்சு பூச்சிகளுக்கு இருக்கும் அளவுக்குப் பூரானுக்கு இல்லை. பக்கவாட்டு மூச்சுத்துளைகளை இறுக மூடவும் அதனால் இயலாது. உடம்பின் நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்கும். இயற்கையில் மண்ணுக்குள் ஈரத்தைத் தேடி இறங்கித்தான் தப்பிக்கிறது. ஆகவே மண் ஆழம் அதன் உயிர்நாடி: சிறிய இனத்துக்கு 10 செ.மீ., பெரியதற்கு 12 முதல் 15 செ.மீ.

ஈர நிலத்து இனங்களுக்குக் கலவை: தேங்காய் நார்க் கழிவு 3 பங்கு, பூச்சிமருந்து படாத செம்மண் அல்லது களிப்பான தோட்டமண் 1 பங்கு, காய்ந்த இலைச்சருகு 1 பங்கு. வறண்ட நிலத்து இனங்களுக்கு மணல் கலந்த மண் 2 பங்கு, களிமண் 1 பங்கு, நார்க் கழிவு 1 பங்கு. களி இல்லாவிட்டால் வளை தோண்டியவுடன் சரிந்து மூடிக்கொள்ளும். 45 × 30 செ.மீ. பெட்டியில் 12 செ.மீ. ஆழம் நிரப்ப 16 லிட்டர் கலவை வேண்டும். முதல் கலவையாக இருந்தால் அதில் நார்க் கழிவு மட்டும் ஏறத்தாழ 10 லிட்டர். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் 8 முதல் 9 லிட்டர்தான் வரும், எனவே ஒன்றேகால் கட்டி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் போகும் அதே நார்க் கட்டிதான். மட்டையிலிருக்கும் உப்பு அதிலும் தங்கியிருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள். உரம் சேர்த்த செடிமண் கலவை கூடாது.

ஈரம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம், கை போதும். ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். கொழுக்கட்டைபோல் பிடி உடையாமல் நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது.

இதற்குமேல் சொல்லப்போவதுதான் பலர் தவறவிடும் இடம். மேல்மண் காய்ந்திருக்கவேண்டும், அடிமண் ஈரமாக இருக்கவேண்டும். தினமும் ஸ்பிரே பாட்டிலால் மேலே தெளித்தால் நேர்மாறாக நடக்கும்: மேலே சொதசொத, அடியில் வறட்சி. சொதசொதப்பும் தேங்கிய காற்றும் சேர்ந்தால் கால்களில் கருப்புப் புள்ளி விழும். பூஞ்சைத் தொற்று என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். பரவினால் கால் கணுக்கணுவாக உதிரும், பிறகு உயிரும் போகும். அதற்குப் பயந்து ஒரேயடியாகக் காயப்போட்டால் பூரான் வற்றிச் சாகும். வழி என்னவென்றால் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும், சுவரோரமாக, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவது. அது அடியில் பரவும். மறுபாதியைக் காயவிடுங்கள். தனக்கு எது வேண்டும் என்று பூரானே நடந்து போய்த் தேர்ந்துகொள்ளும். அது எங்கே படுத்திருக்கிறது என்பதைப் பார்த்து நீங்கள் திருத்திக்கொள்ளலாம்: எப்போதும் தண்ணீர்த் தட்டை ஒட்டியே கிடந்தால் மண் போதிய ஈரமில்லை, எப்போதும் மேலே, காய்ந்த பட்டையின்மேல் உட்கார்ந்திருந்தால் அடிமண் ஊறிப்போயிருக்கிறது.

தட்டையான ஒரு கார்க் பட்டையை மண்ணில் பாதி புதைத்து வையுங்கள். ஒளிய இடமில்லாத பூரான் இரவெல்லாம் மூடியைச் சுற்றிச் சுற்றி வழி தேடும். தண்ணீருக்குக் கனமான, தாழ்ந்த தட்டு, உள்ளே நாலைந்து கூழாங்கல். வெள்ளை நிறத்தில் பொடிப்பொடியாகத் துள்ளும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகள் கிடைத்தால் ஒரு கரண்டி மண்ணோடு போட்டுவிடுங்கள், பூஞ்சையைத் தின்று தீர்க்கும்.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ். சென்னை, கொழும்பு, சிங்கப்பூரில் வெயில் நேரடியாகப் படாத அறை போதும். கோடையில் அறை 33 டிகிரியைத் தாண்டினால் குளிர்ச்சியான மூலைக்கு மாற்றுவதுதான் வேலை. டொரொண்டோ, ஒஸ்லோ போன்ற ஊர்களில் குளிர்காலத்துக்கு வெப்பத் தகடு தேவைப்படும். அதைப் பெட்டியின் அடியில் வைக்கவே கூடாது. சூட்டிலிருந்து தப்பிக்கப் பூரான் கீழேதான் தோண்டும், தோண்டத் தோண்ட இன்னும் சூடாகும். பக்கச் சுவரில், மண் மட்டத்துக்கு மேலே, தெர்மோஸ்டாட்டோடு ஒட்டுங்கள். விளக்கு வேண்டியதில்லை, பூரான் இருட்டைத்தான் விரும்பும்.

படி 4: விற்பவரிடம் கேட்கவேண்டியவை

வளர்ப்பில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா? கடைசியாக எப்போது சட்டை உரித்தது? கடைசியாக எப்போது, என்ன தின்றது? அறிவியல் பெயர் என்ன, எந்த நாட்டிலிருந்து வந்தது? அளவு எப்படி எடுத்தது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். உணர்கொம்பின் நுனியிலிருந்து பின்கால் நுனி வரை அளந்து 20 செ.மீ. என்பார்கள். தலையிலிருந்து உடல் முடிவு வரை அளந்தால் 14 இருக்கும். அளவுகோல் பக்கத்தில் வைத்த படம் கேளுங்கள்.

குட்டியா, வளர்ந்ததா என்றால் நடுத்தரமானதை வாங்குங்கள். 3 செ.மீ. குட்டி மலிவு, ஆனால் ஒரு நாள் காய்ந்தாலே போய்விடும், 2 மி.மீ. துளையிலும் நுழையும். காட்டில் பிடித்த முழு வளர்ச்சிப் பூரானுக்கு எத்தனை வயதாகிறது, இன்னும் எத்தனை மாதம் வாழும் என்று யாருக்கும் தெரியாது. சிறிய இனங்களில் 7 முதல் 9 செ.மீ., பெரிய இனங்களில் 10 முதல் 13 செ.மீ. உள்ளது நல்ல தேர்வு. உங்கள் கண்முன் சில முறை சட்டை உரித்து வளரும்.

ஜோடியாக வாங்கினால் தள்ளுபடி என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆண் பெண் வேறுபாடு வெளிப்பார்வைக்குத் தெரிவது அரிது. ஒரே பெட்டியில் இரண்டு விட்டால் ஒன்று மற்றொன்றுக்கு இரை.

படி 5: குறிப்பிட்ட பூரானைப் பரிசோதியுங்கள்

இங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவேண்டும். தெளிவான டப்பாவில் இருக்கும்போதே, மூடியைத் திறக்காமல், எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

முதலில் பக்கவாட்டு. முதுகுத் தகட்டுக்கும் வயிற்றுத் தகட்டுக்கும் நடுவே மென்தோல் ஓடும். நன்றாக நீர் குடித்த பூரானில் அது நிறைந்து தெரியும். வற்றிய பூரானில் உள்ளே குழிந்து, கண்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உடல் நாடாபோல் தட்டையாகியிருக்கும். பயணக்களைப்பு என்று விற்பவர் சொல்வார். லேசாக வற்றியதைத் தண்ணீர்த் தட்டருகே விட்டால் சில மணி நேரத்தில் தேறும் என்பது உண்மைதான். நடை தள்ளாடும் அளவுக்கு வற்றியிருந்தால் தேறுவது கடினம்.

அடுத்தது கால்கள். ஒன்றிரண்டு கால் இல்லாவிட்டாலோ உணர்கொம்பில் பாதி போயிருந்தாலோ கவலை வேண்டாம், அடுத்தடுத்த சட்டை உரிப்பில் மீண்டும் வளரும். பேரம் பேச அது நல்ல காரணம். அறுந்த இடத்தில் ஒரே கருந்தழும்பு இருந்தால் ஆறிய காயம். பல கால்களின் கணுக்களில் சிதறலாகக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று, வாங்காதீர்கள். கால் அடியிலும் கண்ட இடுக்கிலும் வெண்மையாகவோ பழுப்பாகவோ நகரும் பொடிகள் இருந்தால் உண்ணி.

பிறகு நடை. டப்பாவை மெல்லத் தட்டினால் உணர்கொம்புகள் உடனே துழாவவேண்டும். கால்கள் அலைபோல் வரிசையாக எழுந்து விழவேண்டும். பின்பகுதி இழுபட்டால் ஏதோ கோளாறு. நச்சுக்கொடுக்குகள் இரண்டும் முழுதாக இருக்கின்றனவா என்று அடிப்பக்கமிருந்து பாருங்கள். ஒன்று ஒடிந்திருந்தால் இரை பிடிக்கத் திணறும்.

உடல் உப்பி, நிறம் மங்கி, இரை மறுத்துக் கிடந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். நோயில்லை, ஆனால் அந்த நிலையில் கொண்டுபோகவும் கூடாது. பணத்தைக் கட்டிவிட்டு உரித்து இரண்டு வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் ஒத்துக்கொள்வார்.

படி 6: வீட்டுக்குள் மாற்றுவது

அறைக்கதவின் அடியிடுக்கைத் துணியால் அடையுங்கள். வழவழப்பான பெரிய பிளாஸ்டிக் தொட்டி அல்லது வடிகால் மூடிய குளியல்தொட்டிக்குள் வளர்ப்புப் பெட்டியை வையுங்கள். தப்பினாலும் தொட்டிக்குள்தான் இருக்கும். 30 செ.மீ. நீள இடுக்கி, மென்மையான வண்ணத்தூரிகை, வாயகன்ற டப்பா, அதை மூட ஒரு தடித்த அட்டை ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வந்த டப்பாவை மூடியோடு வளர்ப்புப் பெட்டிக்குள் படுக்கவையுங்கள். இடுக்கியால் மூடியைத் தள்ளித் திறங்கள். அது தானாக வெளியே வரட்டும், அரைமணி ஆனாலும் சரி. வரவில்லையென்றால் தூரிகையால் பின்பக்கத்தை மெல்லத் தொடுங்கள். கவிழ்த்துக் கொட்டாதீர்கள், விரலால் தட்டாதீர்கள். இடுக்கியால் பூரானைப் பிடிக்காதீர்கள். இடுக்கி வழியாகவே கைக்கு ஏறி வர அதற்கு ஒரு நொடி போதும்.

முதல் 4, 5 நாள் தண்ணீர் மட்டும். பிறகு தலை நசுக்கிய கரப்பானோ, தீனிக்கடையில் கிரிக்கெட் என்று விற்கும் சிள்வண்டோ மாலையில் பட்டை வாசலில் போடுங்கள். காலையில் மீதியை எடுத்துவிடுங்கள். வளர்ந்த பூரானுக்கு 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, அதன் தலையைப்போல் இரண்டு மூன்று மடங்குள்ள ஒரு பூச்சி போதும். குட்டிக்கு 3, 4 நாளுக்கு ஒருமுறை. வீட்டுச் சமையலறையில் பிடித்த கரப்பானைக் கொடுக்காதீர்கள். மருந்து தின்றிருந்தால் பூரானும் போய்விடும். எலிக்குஞ்சு கொடுக்கும் காணொளிகள் ஏராளம், அதற்குத் தேவை எதுவும் இல்லை.

சட்டை உரிக்கும் காலத்தில் உயிருள்ள பூச்சி எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது. புதுத்தோல் மென்மையாக இருக்கும்போது சிள்வண்டே பூரானைக் கடித்துக் கொன்றுவிடும். உரித்த சட்டையை எடுக்காதீர்கள், அதைத் தின்றுவிடும். அதன்பின் 10 முதல் 14 நாள் இரை வேண்டாம். காட்டில் பிடித்த பெண் பூரான் சில சமயம் வந்த பிறகு முட்டையிடும். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு வாரக்கணக்கில் பட்டினி கிடந்து காக்கும். பார்க்க ஆசைப்பட்டுப் பட்டையைத் தூக்கினால் முட்டைகளைத் தானே தின்றுவிடும். மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டுவிட்டு, மூலையில் தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருங்கள்.

கடித்துவிட்டால்

முதலில் பெட்டியை மூடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீக்கம் வேகமாக ஏறும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தாங்கும் அளவு சூடான தண்ணீரில், 43 முதல் 45 டிகிரிக்குள், 20 நிமிடம் முக்கி வைத்தால் பலருக்கு வலி குறைகிறது. கடிபட்ட கைக்கு மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் போகலாம், மற்றக் கையால் சூட்டைச் சோதியுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும் உதவும். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது எதுவும் வேண்டாம். வலிநிவாரணிக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், முகவீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், அல்லது கடிபட்டது குழந்தையாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு. இனத்தின் அறிவியல் பெயரை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேலேயே ஒட்டிவையுங்கள்.

தப்பிவிட்டால்

வீட்டில் இருக்கிறவர்களிடம் உடனே சொல்லுங்கள். மறைத்தால் யாராவது வெறுங்காலில் மிதிப்பார்கள். அறையை மூடி, கதவிடுக்கை அடைத்து, பிள்ளைகளை வேறு அறையில் தூங்கவையுங்கள். பூரான் வெகுதூரம் போவதைவிட ஈரத்தைத் தேடிப் போகவே வாய்ப்பு அதிகம்: குளியலறை வடிகால், குளிர்ப்பெட்டிக்கு அடியில், துவைக்கப் போட்ட துணிக்குவியல், பூந்தொட்டியின் அடித்தட்டு. பகலில் எல்லாவற்றையும் புரட்டினால் இன்னும் ஆழமாக ஒளியும். இரவு ஈரத்துணிகளை மடித்து அறையின் ஒவ்வொரு மூலையிலும் போட்டுவைத்து, மற்ற தண்ணீர் இடங்களைத் துடைத்துக் காயவிடுங்கள். விடியற்காலையில் செருப்புப் போட்டுக்கொண்டு, டார்ச் விளக்கோடு, ஒவ்வொரு துணியையும் இடுக்கியால் தூக்கிப் பாருங்கள். கண்டால் வாயகன்ற டப்பாவை மேலே கவிழ்த்து, அட்டையை அடியில் செருகுங்கள். கிடைக்கும்வரை ஒவ்வொரு இரவும் இதையே செய்யுங்கள். காய்ந்த வீட்டில் அது சில நாள்தான் தாக்குப்பிடிக்கும்.

ஒருவேளை இனிமேல் வளர்க்க இயலாது என்று ஆகிவிட்டால், தோட்டத்திலோ காட்டிலோ விடாதீர்கள், உள்ளூர் இனமாக இருந்தாலும் சரி. வாங்கிய இடத்திலோ வேறு அனுபவமுள்ள வளர்ப்பாளரிடமோ, பெட்டி, மண், சட்டை உரித்த தேதிக்குறிப்பு எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.